கடை, சமையல், தூக்கம்: சாதா நாளையே இபாதத்தா ஆக்குறது எப்படி

ரமளான் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சுன்னா எங்க கடைல வேலை பாக்குற பையன் வருஷா வருஷம் ஒரே கேள்விய கேப்பான், பாய் அந்த ஒரு மாசம் இருந்த ஃபீலு போயிடுச்சே, காலைல வந்தா மூட்டை தூக்குறேன், ராத்திரி போனா தூங்குறேன், இதுல எங்க போயி இபாதத் (வணக்கம்) பண்றதுன்னு. நியாயமான கேள்விதான். அஞ்சு வேளை தொழுகைக்கு ஒளு (தொழறதுக்கு முன்னாடி கை, முகம், கால் கழுவறது), சுன்னத்து (நபி வழில கூடுதலா தொழறது) எல்லாம் சேத்து தாராளமா கணக்கு போட்டாலும் ஒரு ரெண்டு மணி நேரம் ஆகும். மீதி 22 மணி நேரம்? ஜின்னையும் மனுசனையும் என்னை வணங்கத்தான் படைச்சேன்னு அல்லாஹ் குர்ஆன்ல (51:56) சொல்றான், வேற எதுக்கும் இல்லன்னு சொல்றான், அப்ப அந்த 22 மணி நேரத்த எந்தக் கணக்குல எழுதுறது?

அதுக்கு பதில் கடைய மூடிட்டு பள்ளியிலயே உக்காந்துக்கறது இல்ல. அப்படி உக்காந்தவங்கள பத்தி பின்னாடி சொல்றேன். ஏற்கனவே பண்ற வேலையவே எப்படி இபாதத்தா மாத்துறதுங்கறதுதான் இந்தப் பதிவு. நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்ல, மளிகைக் கடைக்காரன், ஹஜ்ரத்மார்கள்ட்ட கேட்டது, படிச்சது, கல்லாவுல உக்காந்து செஞ்சு பாத்தது இவ்வளவுதான்.

முதல்ல நிய்யத்து (மனசுல வெக்கிற நோக்கம்), ஆனா வாயில சொல்றது இல்ல

புஹாரிங்கற ஹதீஸ் (நபி சொன்னது, செஞ்சது) தொகுப்புல முதல் ஹதீஸே இதுதான், உமர் (ரலி) சொல்ற ஹதீஸ், செயல்கள் எல்லாம் நிய்யத்தைப் பொறுத்துத்தான்னு. அதுலயே நபி (ஸல்) ஹிஜ்ரத்த (மக்காவ விட்டு மதீனாவுக்கு குடிபோனத) உதாரணமா சொல்றாங்க. யோசிச்சுப் பாருங்க, மக்காவுல இருந்து மதீனா 400 கிலோமீட்டருக்கு மேல, ரெண்டு பேர் பக்கத்து பக்கத்து ஒட்டகத்துல போறாங்க, ஒரே வெயிலு, ஒரே தாகம், ஒருத்தர் அல்லாஹ்வுக்காகவும் ரசூலுக்காகவும் போறாரு, இன்னொருத்தர் அங்க ஒரு பொண்ண கட்டிக்கலாம்னு போறாரு. வெளிய இருந்து பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனா அவரவர் எதுக்கு கெளம்புனாரோ அதுதான் அவருக்கு.

இங்கதான் நம்மாளுங்க ஒரு தப்பு பண்றாங்க. நிய்யத்துன்னா நவைத்துன்னு ஆரம்பிச்சு அரபில எதையோ ஓதணும்னு நெனைக்கிறாங்க. கடை திறக்க, சோறாக்க, தூங்கன்னு தனித்தனியா அரபி வாசகம் எல்லாம் கெடையாது. நடு ரோட்டுல உங்கள ஒருத்தர் நிறுத்தி எங்க போறே எதுக்குப் போறேன்னு கேட்டா யோசிக்காம மனசுல என்ன பதில் வருமோ அதுதான் நிய்யத்து. பொண்டாட்டி புள்ளைக்கு ஹலாலா சோறு போடணும், யார்கிட்டயும் கையேந்தக் கூடாது, வர்றவங்களுக்கு நல்ல பொருளா குடுக்கணும், இப்படி ஒரே வேலைக்கு மூணு நாலு நிய்யத்து வெச்சாலும் வெச்சுக்கலாம். ஜும்ஆவுக்கு (வெள்ளிக்கிழமை தொழுகைக்கு) அத்தர் பூசுறத வெச்சு இமாம் கஸ்ஸாலி இதை விளக்கியிருப்பாங்க, ஊர்ல நாலு பேர் பாக்கணும்னு பூசுனா அது ஒரு கணக்கு, சுன்னத்துங்கறதுக்காகவும் பக்கத்துல உக்கார்றவருக்கு வேர்வை நாத்தம் அடிக்கக் கூடாதுன்னும் பூசுனா அது வேற கணக்கு. அத்தர் பாட்டில் ஒண்ணுதான்.

நான் கத்துக்கிட்டதுல பெரிய விஷயம் இதுதான்: நிய்யத்து மாறுனா செய்யற விதமும் மாறணும். மாறலன்னா நீங்க நிய்யத்து வெக்கல, ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்க. எடைய கொறச்சுட்டு குடும்பத்துக்காகத்தான் உழைக்கிறேன்னு சொன்னா அது ஸ்டிக்கர்.

அப்புறம் ஹராமான எதையும் நிய்யத்து ஹலால் ஆக்காது. வட்டிக்கு குடுத்த காசுல ஏழைக்கு உதவுறேன்னாலும் ஆகாது. அதே மாதிரி ஃபர்ளு (கட்டாயக் கடமை) போகக் கூடாது, வேலையே இபாதத்துதானேன்னு சொல்லிட்டு லுஹர் தொழுகைய விடுறவங்கள நான் பாத்திருக்கேன், அவங்களுக்கு இந்தப் பதிவு இல்ல. தொழுகை, நோன்பு, ஜகாத்து இதெல்லாம் அல்லாஹ் வகுத்துக் குடுத்தது, அதுல நம்ம இஷ்டத்துக்கு கூட்டவும் முடியாது கொறைக்கவும் முடியாது. நாம மாத்த முடியறது சாப்பாடு, வியாபாரம், தூக்கம் மாதிரி அனுமதிக்கப்பட்ட காரியங்கள.

ஒளு செய்யறப்ப குழாய கவனிங்க

நான் ஒரு தடவ கடைக்குப் பின்னாடி குழாய்க்கு கீழ காலி 5 லிட்டர் எண்ணெய் கேன வெச்சுட்டு எப்பவும் போல ஒளு செஞ்சு பாத்தேன், புனல் வெச்சு எல்லா தண்ணியும் உள்ள போற மாதிரி. முழங்கை வரைக்கும் வர்றதுக்குள்ள கேன் ரொம்பி வழியுது, இன்னும் தலைக்கு மஸஹு (ஈரக் கையால தடவறது) பாக்கி, காலு பாக்கி. நபி (ஸல்) ஒரு முத்து தண்ணியில ஒளு செய்வாங்கன்னு அனஸ் (ரலி) சொல்றாங்க, முத்துன்னா ரெண்டு கையையும் சேத்து அள்ளுற ஒரு அளவு, சுமாரா முக்கால் லிட்டர்னு வெச்சுக்கலாம். குளிக்கறதுக்கே நாலுல இருந்து அஞ்சு முத்துதான். பழைய பள்ளிகள்ல ஹவுளு (தண்ணித் தொட்டி) இருக்கும், அதுல கைய விட்டு அள்ளி அள்ளி செய்யறப்ப இவ்வளவு வீணாகாது, குழாய் வந்ததும் நம்ம கை திறந்துக்கிச்சு. இப்ப நான் ஒரு சொம்புல புடிச்சு வெச்சுக்கறேன். முத நாலு நாளு பத்தல, இப்ப பழகிடுச்சு.

சுபுஹு தொழுகைக்கு அப்புறம் இன்னொண்ணு. மனுசனோட 360 மூட்டுக்கும் தெனமும் ஸதகா (தர்மம்) கடமை இருக்குன்னு ஹதீஸ்ல வருது. காசு வேணுமேன்னு பயப்படாதீங்க, ஒரு சுப்ஹானல்லாஹ் ஸதகா, வழில கெடக்குற முள்ள எடுத்துப் போடறது ஸதகா, லுஹா (முற்பகல் தொழுகை) ரெண்டு ரக்அத் தொழுதா அத்தனைக்கும் போதும்னு வருது. கடைல கூட்டம் இல்லாத பத்தரை மணிக்கு அரிசி மூட்டைகளுக்கு நடுவுல முஸல்லாவ (தொழுகை விரிப்ப) விரிச்சா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்.

வழில கெடக்குறத எடுக்கறதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஜும்ஆவுக்கு வந்து அடுத்தவன் வீட்டு கேட்ட அடைச்சு பைக்க நிறுத்திட்டு உள்ள போயி முதல் சஃப்புல (வரிசைல) உக்கார்றோமே, முள்ள எடுக்கறது ஈமானோட (இறைநம்பிக்கையோட) ஒரு கிளைன்னா முள்ள போடறது என்ன? ரெண்டு தெரு தள்ளி நிறுத்திட்டு நடந்து வாங்க. அந்த நடைல ஒவ்வொரு அடிக்கும் நன்மை இருக்கு.

தராசு

வியாபாரிங்க இந்த இடத்த நின்னு படிங்க. அளவுல மோசடி செய்யறவங்களுக்கு கேடுதான்னு ஒரு சூராவே ஆரம்பிக்குது, 83வது சூரா, பேரே முதஃப்பிஃபீன். வாங்கறப்ப முழுசா வாங்கிக்குவாங்க, குடுக்கறப்ப கொறச்சுக் குடுப்பாங்கன்னு அடுத்த ரெண்டு ஆயத்துல வருது. இப்ப எல்லாம் எலக்ட்ரானிக் தராசு, கல்லு தேயறது, தட்டுக்கு அடியில புளி ஒட்டறது இதெல்லாம் இல்ல, நாம சுத்தம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் பேரீச்சம்பழம் டப்பாவுல போட்டு எடை போடறப்ப ஒரு அம்மா கேட்டாங்க, ஏன் பாய் டப்பாவையும் சேத்தா பழத்து வெலைக்கு போடறீங்கன்னு. காலி டப்பாவ வெச்சுப் பாத்தா 28 கிராம். கால் கிலோ கேக்குறவங்களுக்கு பத்துல ஒரு பங்கு பிளாஸ்டிக்கு! நான் வேணும்னு பண்ணல, ஆனா வருஷக் கணக்கா பண்ணியிருக்கேன். தராசுல டேர்னு ஒரு பட்டன் இருக்கு, காலி டப்பாவ வெச்சு அத அமுக்குனா சைபர் ஆயிடும், அப்புறம் பழத்த போடணும். ஒரு செகண்டு வேலை. அந்த ஒரு செகண்டுல பிஸ்மில்லாஹ் சொல்லிட்டு அமுக்குறேன், எனக்கு இப்ப அந்த பட்டன்தான் தஸ்பீஹ் மணி மாதிரி.

மதீனா சந்தையில நபி (ஸல்) ஒரு தானியக் குவியலுக்குள்ள கைய விட்டுப் பாத்தாங்க, விரல்ல ஈரம் பட்டுச்சு. என்ன இதுன்னு கேட்டா மழைல நனைஞ்சிடுச்சு யா ரசூலல்லாஹ்ங்கறாரு வியாபாரி. நனைஞ்சத மேல வெச்சிருக்கலாமே ஆளுங்க பாக்கட்டும்னு, மோசடி பண்றவன் என்னைச் சேந்தவன் இல்லன்னு சொன்னாங்க. மழை பெஞ்சது அவர் தப்பு இல்ல, அத அடியில வெச்சதுதான் தப்பு. வெங்காயம் விக்கிறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்னு நெனைக்கிறேன். இப்ப நான் அழுகத் தொடங்குனத தனிக் கூடைல முன்னாடியே வெச்சு பாதி வெலைக்கு குடுத்துடறேன், பிரியாணி மாஸ்டருங்க வந்து அள்ளிட்டுப் போறாங்க, நஷ்டமும் இல்ல.

கடன் நோட்டு இருக்குறவங்களுக்கு: நெருக்கடில இருக்கறவனுக்கு வசதி வர்ற வரைக்கும் டைம் குடுங்க, தள்ளுபடி பண்ணுனா உங்களுக்கு இன்னும் நல்லதுன்னு குர்ஆன்லயே (2:280) இருக்கு. ஆனா இருந்தும் குடுக்காதவன்ட்ட கேக்குறது தப்பு இல்ல, கேக்குற விதத்துல நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்தாம கேக்கணும்.

சம்பளத்துக்கு வேலை பாக்கறவங்களுக்கும் இதே தராசுதான், அங்க கிராமுக்கு பதிலா நிமிஷம். ஆபீஸ் டைம்ல ஒண்ணரை மணி நேரம் ரீல்ஸ் பாத்துட்டு அஸருக்கு போறப்ப மட்டும் மேனேஜர் விட மாட்டேங்கறார்னு பொலம்பறது எனக்கு சரியா படல.

ஆணத்துல ஒரு டம்ளர் தண்ணி

எங்க நன்னி (பாட்டி) ஆணம் (குழம்பு) வெக்கிறப்ப கடைசில ஒரு டம்ளர் தண்ணி சேத்து ஊத்தும். சின்ன வயசுல எனக்கு அது கஞ்சத்தனமா தெரிஞ்சுச்சு. அப்புறம்தான் தெரியுது அபூதர் (ரலி)க்கு நபி (ஸல்) சொன்னதே அதுதான், ஆணம் காய்ச்சுனா தண்ணிய கொஞ்சம் கூட்டி அண்டை வீட்டைப் பாத்துக்கோன்னு. கூடுதலா கறி வாங்கச் சொல்லல பாருங்க, தண்ணிதான். கையில இருக்கறதுலயே குடுக்கற வழி. நன்னி சட்டிய எறக்குன கையோட ஒரு கிண்ணத்துல ஊத்தி மேல ஒரு தட்டு போட்டு மூடி என் கையில குடுத்துடும், ஆடாம போடான்னு பின்னாடியே சத்தம் வரும். பக்கத்து வீட்டுல கறி சாப்பிட மாட்டாங்கன்னா அவங்களுக்கு பருப்பு ஆணம் வெக்கிற அன்னிக்கு போகும். அண்டை வீடுன்னா நம்ம ஆளு வீடு மட்டும்னு நெனைக்காதீங்க, அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) வீட்டுல ஆடு அறுத்தப்ப வந்ததும் வராததுமா நம்ம யூத அண்டை வீட்டுக்காரருக்கு குடுத்தீங்களா, குடுத்தீங்களான்னு தான் கேட்டாங்க.

சமைக்கிறவங்க ரொம்ப கஷ்டப்பட வேண்டாம், அடுப்ப பத்த வெக்கிறப்ப பிஸ்மில்லாஹ், ஒரு நோன்பாளிக்கு குடுக்குற மாதிரி சுத்தமா செய்யறேன்னு ஒரு நெனப்பு, அவ்வளவு போதும். சாப்பிடறவங்க பிஸ்மில்லாஹ்வ மறந்துட்டா நடுவுல ஞாபகம் வந்ததும் பிஸ்மில்லாஹி அவ்வலஹு வஆகிரஹுன்னு (ஆரம்பத்துலயும் கடைசிலயும் அல்லாஹ் பேரால) சொல்லிக்கலாம். கல்யாணத்துல சஹன்ல (பல பேர் சேந்து சாப்பிடற பெரிய தட்டுல) உக்கார்ற பசங்களுக்கு ஒண்ணு, நபி (ஸல்) வளத்த பையன் உமர் இப்னு அபீ ஸலமா, சாப்பிடறப்ப அவரு கை தட்டு முழுக்க சுத்துமாம், பிஸ்மில்லாஹ் சொல்லு, வலது கையால சாப்பிடு, உனக்கு முன்னாடி இருக்கறத சாப்பிடுன்னு பொறுமையா சொல்லிக் குடுத்தாங்க. பெரிய துண்டு எதிர் பக்கம் இருந்தாலும் எட்டாதீங்கடா.

வீட்டுக்குள்ள

ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) ஹஜ்ஜத்துல் விதாவு (நபியோட கடைசி ஹஜ்) சமயம் மக்காவுல ரொம்ப முடியாம படுத்துட்டாங்க. சொத்துல மூணுல ரெண்டு பங்க ஸதகா பண்ணிடவான்னு கேக்குறாங்க, நபி (ஸல்) வேண்டாம்னு, பாதின்னா அதுவும் வேண்டாம்னு, மூணுல ஒண்ணு போதும், அதுவே அதிகம்னு. அதே பேச்சுல சொல்றாங்க, அல்லாஹ்வுக்காக நீ செலவு பண்ற எதுக்கும் கூலி உண்டு, உன் மனைவி வாயில நீ ஊட்டுற கவளத்துக்கும் கூட. மாசா மாசம் பணத்த டேபிள் மேல வெச்சுட்டா கடமை முடிஞ்சுதுன்னு நெனைக்கிற ஆளுங்க அந்தக் கவளங்கற வார்த்தைய கவனிங்க, காசு மட்டும் இல்ல, கையும் போகணும் வாய் வரைக்கும். புருஷன் பொண்டாட்டி சேர்றதுக்கே ஸதகா நன்மை இருக்குன்னு சொன்னப்ப சஹாபாக்களே (நபித் தோழர்களே) ஆச்சரியப்பட்டு கேட்டாங்க, எங்க ஆசைய தீத்துக்கறதுக்கு நன்மையான்னு. ஹராமான வழில தீத்துக்கிட்டா பாவம் உண்டுல்ல, அப்ப ஹலாலான வழிக்கு நன்மை இருக்காதான்னு திருப்பிக் கேட்டாங்க நபி (ஸல்).

வீட்டுல நபி என்ன பண்ணுவாங்கன்னு ஆயிஷா (ரலி)ட்ட கேட்டதுக்கு வீட்டு வேலைல கூட மாட இருப்பாங்க, தொழுகை நேரம் வந்தா கெளம்பிடுவாங்கன்னு சொன்னாங்க. நான் இத படிச்சுட்டு ஒரு மாசம் பாத்திரம் கழுவுனேன், எங்க வீட்டுல முதல் நாளு சந்தேகமா பாத்தாங்க, என்ன வேணும் உங்களுக்குன்னு.

பொம்பளைங்க மாசத்துல தொழ முடியாத நாள்ல எல்லாம் விட்டுப் போன மாதிரி நெனச்சுக்க வேண்டாம். ஆயிஷா (ரலி) ஹஜ்ஜுக்குப் போன வழில அது வந்து அழுதாங்க, இது ஆதமுடைய பெண் மக்களுக்கு அல்லாஹ் விதிச்சது, தவாஃபைத் (கஃபாவ சுத்தி வர்றத) தவிர ஹாஜிங்க செய்யற எல்லாத்தையும் நீயும் செய்யுன்னு நபி (ஸல்) சொன்னாங்க. தொழாதேன்னு சொன்னவனும் அல்லாஹ்தான், அப்ப அந்த நேரம் தொழாம இருக்கறதும் கீழ்ப்படியறதுதான். திக்ரு (அல்லாஹ்வ நெனக்கறது), துஆ (வேண்டறது), ஸலவாத்து (நபிக்காக வேண்டறது) எதுக்கும் தடை இல்ல.

படுக்கறப்ப நபியோட மகள் ஃபாத்திமா (ரலி)வ நெனச்சுக்கங்க. திரிகை சுத்தி சுத்தி கையெல்லாம் தடிச்சுப் போயி, ஒரு பணியாள் கேக்க வாப்பா வீட்டுக்கு வந்தாங்க. ராத்திரி நபி (ஸல்) அவங்க வீட்டுக்கே போயி அவங்களுக்கும் கணவர் அலி (ரலி)க்கும் நடுவுல உக்காந்து, படுக்கறப்ப சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 சொல்லுங்க, அது பணியாளை விட நல்லதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. அதுக்கப்புறம் விட்டதே இல்லங்கறாங்க அலி (ரலி). ஸிஃப்பீன் போர் ராத்திரில கூடவான்னு ஒருத்தர் கேட்டதுக்கு, ஆமா அன்னிக்கும் விடலன்னு. 657ல நடந்த அந்தப் போரோட நெருக்கடிலயே விடல, நாம ஃபோன் நோண்டிட்டு அப்படியே தூங்கிடறோம்.

ரெண்டு எச்சரிக்கை

ஒண்ணு ரியா, அதாவது அடுத்தவங்க பாக்கணும்னு செய்யறது. மறுமைல முதல்ல தீர்ப்பு சொல்லப்படற மூணு பேர்ல ஒருத்தர் உயிரக் குடுத்தவரு, ஒருத்தர் குர்ஆன் ஓதுன ஆலிம், ஒருத்தர் அள்ளி அள்ளிக் குடுத்தவரு, மூணு பேருமே நாலு பேர் பேசணும்னு செஞ்சதால நரகத்துக்குப் போவாங்கன்னு முஸ்லிம்ங்கற ஹதீஸ் தொகுப்புல வருது. அதனால அரிசி மூட்ட குடுத்துட்டு வாங்குறவர் மூஞ்சியோட ஸ்டேட்டஸ் போடாதீங்க. அதுக்காக ரியா வந்துடுமோன்னு பயந்து குடுக்கறதையே நிறுத்தவும் கூடாது.

ரெண்டாவது, மேல சொன்ன பள்ளியே கதின்னு இருக்கறது. நபித் தோழர் அபுத்தர்தா (ரலி) பகல் எல்லாம் நோன்பு, ராத்திரி எல்லாம் தொழுகைன்னு இருந்தாங்க, அவங்க மனைவி பழைய துணியோட கவனிப்பில்லாம இருக்கறத ஸல்மான் (ரலி) பாத்துட்டாங்க. நோன்ப முறிச்சு கூட சாப்பிட வெச்சு, ராத்திரி முன் பகுதில தூங்க வெச்சு, கடைசி பகுதில எழுப்பி ரெண்டு பேரும் தொழுதுட்டு சொன்னாங்க, உன் ரப்புக்கு (இறைவனுக்கு) உன் மேல ஹக்கு (உரிமை) இருக்கு, உன் உடம்புக்கு இருக்கு, உன் குடும்பத்துக்கு இருக்குன்னு. நபி (ஸல்)ட்ட போய் சொன்னப்ப ஸல்மான் சொன்னது உண்மைன்னுட்டாங்க.

எங்க ஆரம்பிக்கறது

எல்லாத்தையும் நாளைல இருந்து செய்யாதீங்க, மூணாவது நாள் விட்டுடுவீங்க. கொஞ்சமா இருந்தாலும் விடாம செய்யறதுதான் அல்லாஹ்வுக்கு ரொம்ப பிடிச்சதுன்னு ஹதீஸே இருக்கு. தெனமும் கை தானா போற ஒரு இடத்த புடிங்க, எனக்கு ஷட்டர். பூட்டு திறந்து ஷட்டர தூக்கறதுக்கு முன்னாடி குனிஞ்சிருக்கறப்பவே பிஸ்மில்லாஹ், எதுக்கு திறக்கறேன்னு மனசுல ஒரு தடவ. ஆட்டோ ஓட்டுறவங்களுக்கு சாவி போடற நேரம், டீச்சருக்கு அட்டெண்டன்ஸ் நோட்ட திறக்கற நேரம், குழந்தை வெச்சிருக்கறவங்களுக்கு ராத்திரி மூணாவது தடவ எழுந்து பால் குடுக்கற நேரம். அது பழகுன பின்னாடி அடுத்தது. எனக்கு ஷட்டர்ல இருந்து டேர் பட்டனுக்கு வர்றதுக்கே ஒரு வருஷம் ஆச்சு.

பையனுக்கும் இதெல்லாம் சொன்னேன், மூட்டை தூக்கறப்ப உன் உம்மாவுக்கு மருந்து வாங்கணும்னு நெனச்சு தூக்குடா அதுவே நன்மைன்னு. நல்லாத்தான் கேட்டுக்கிட்டான். ஆனா யமன்ல இருந்தப்ப முஆத் (ரலி), நின்னு வணங்கறதுக்கு எப்படி நன்மைய எதிர்பாக்கறேனோ அதே மாதிரி என் தூக்கத்துக்கும் எதிர்பாக்கறேன்னு சொன்னாங்கன்னு சொல்லித் தொலைச்சேன், அத மட்டும் கெட்டியா புடிச்சுக்கிட்டான். மத்தியானம் சோறு உண்டதும் துவரம்பருப்பு மூட்டை மேல சாஞ்சுடறான், எழுப்புனா நீங்கதான பாய் சொன்னீங்கங்கறான். கைலூலா (மத்தியானக் குட்டித் தூக்கம்) நல்ல பழக்கம்தான், 20 நிமிஷம் விட்டுடறேன். 21வது நிமிஷம் லோடு வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.